விடுதிச் சமையலறைக்கு எரிசக்தித் தணிக்கை: ஓராண்டு கழித்து ஒரு மதிப்பீடு

கோவைக்கு அருகில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மாணவர் விடுதியின் துணைக் காப்பாளராக இருக்கிறேன். மெஸ் என் பொறுப்பு. செமஸ்டர் நடக்கும் நாள்களில் ஏறத்தாழ 900 மாணவர்களுக்கு மூன்று வேளையும் எங்கள் சமையலறையில்தான் சாப்பாடு. கல்லூரிக் கட்டடங்கள், விடுதிகள், சமையலறை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து எரிசக்தித் தணிக்கை, அதாவது மின்சாரமும் கேஸும் எங்கே எவ்வளவு செலவாகின்றன, எங்கே வீணாகின்றன என்று அளந்து சொல்லும் ஆய்வு, செய்து தர சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் வந்து அளந்து, அறிக்கை கொடுத்து, அதில் எங்களால் முடிந்தவற்றை நாங்கள் செய்து பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது. நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே வேலைக்கு ஆள் தேடும் விடுதிக் காப்பாளர்களும் கேன்டீன் நடத்துபவர்களும் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

பல கல்லூரிகள் எரிசக்தித் தணிக்கைக்கு ஆள் கூப்பிடுவது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) மதிப்பீட்டுக்காகத்தான் என்பது இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மதிப்பீட்டில் சுற்றுச்சூழல் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. கோப்பில் வைக்க ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. எங்கள் நிர்வாகமும் அதற்காகவே தொடங்கியது. சமையலறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் வேறு. எங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டத்தில் நடக்கிறது. அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், கூலி என்று மாதச் செலவு முழுவதையும் கூட்டி, மாணவர்கள் சாப்பிட்ட நாள்களால் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பில் போடுகிறோம். ஆகவே அடுப்படியில் வீணாகும் ஒவ்வொரு கிலோ கேஸும் கல்விக்கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கில் போய் ஏறுகிறது. மாதக் கடைசியில் அந்தப் பில்லில் கையெழுத்துப் போடுபவன் என்ற முறையில் எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றியதில்லை.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நிபந்தனையில் உறுதியாக இருந்தோம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பிஇஇ, நடத்தும் தேசியத் தேர்வில் தேறிச் சான்று பெற்ற தணிக்கையாளர் ஒருவர் நேரில் வர வேண்டும். அறிக்கையில் கையெழுத்து மட்டும் போடுபவராக இருக்கக் கூடாது என்று கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள். அவர் 1 நாள் வந்தார். இளம் பொறியாளர்கள் இருவர் 4 நாள் தங்கினார்கள். கட்டணம் எங்கள் விடுதியின் ஒரு மாத கேஸ் செலவைவிடக் குறைவு என்பதை மட்டும் சொல்லலாம்.

முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கு, பால் காய்ச்ச அடுப்பு பற்றவைக்கும் நேரத்துக்கு, அந்த இருவரும் ஒரு பிளாட்பாரம் தராசைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். இந்தச் சேவையில் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். சமையலறையை காலை 11 மணிக்கு வந்து பார்ப்பவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது கடைசிவரை தெரியாது. கேஸில் பெரும்பகுதி அதற்குள் எரிந்து முடிந்திருக்கும்.

அவர்கள் முதலில் அடுப்புக்கே போகவில்லை. பின்புறம் ஏஜென்சி வண்டிக்காக எடுத்து வைத்திருந்த காலி சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினார்கள். நாங்கள் வாங்குவது 19 கிலோ வணிகச் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் மேல் வளையத்திலும் அதன் வெற்று எடை எழுதியிருக்கும். தராசு காட்டும் எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அன்று வைத்திருந்த 6 காலிச் சிலிண்டர்களில் 4-இல் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் இருந்தது. ஒன்றில் 1 கிலோ 900 கிராம். அதாவது விலை கொடுத்து வாங்கிய கேஸில் ஒரு பகுதியை எத்தனையோ ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

காரணத்தை அந்த இருவரில் ஒரு பொறியாளர் அங்கேயே சிலிண்டரைத் தொட்டுக் காட்டி விளக்கினார். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சிலிண்டரின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குறைந்த எண்ணிக்கையிலான சிலிண்டர்களிலிருந்து பெரிய பர்னர்கள் பலவும் ஒரே நேரத்தில் கேஸை இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளிப்புறம் வேர்த்து, சில நேரம் பனி படிந்து, உள்ளே அழுத்தம் இறங்கிவிடுகிறது. தீ மங்குவதைப் பார்த்ததும் கேஸ் தீர்ந்துவிட்டது என்று பையன்கள் சிலிண்டரை மாற்றிவிடுகிறார்கள். சிலிண்டரின்மேல் கொதிநீர் ஊற்றுவதும் படுக்கப் போட்டு உருட்டுவதும் பல மெஸ்களில் வழக்கம். இரண்டும் ஆபத்தானவை, எங்களிடமும் நடந்திருக்கின்றன. தீர்வு எளிது. சிலிண்டர்களை வரிசையாக ஒரே குழாயில் இணைத்து வைக்கும் கேஸ் பேங்க்கில் ஒரு பக்கத்துக்கு 3 சிலிண்டராக இருந்ததை, சேமிப்பு விதிகளைப் பார்த்து ஏஜென்சியின் மெக்கானிக்கைக் கொண்டே 5 ஆக்கினோம். இழுக்கும் சுமை பரவியதால் இப்போது காலிச் சிலிண்டரில் மிச்சம் 300 கிராமைத் தாண்டுவது அபூர்வம். இந்த ஒரு திருத்தத்திலேயே தணிக்கைக் கட்டணம் சில மாதங்களில் திரும்ப வந்துவிட்டது.

அடுத்தது மூடி. சொல்லப்போனால் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே அதுதான். எங்கள் மாஸ்டர் 30 ஆண்டுகளாகப் பெருஞ்சமையல் செய்பவர். சாம்பாருக்குப் பருப்பு வேகும் வட்டாவை மூடாமல் வைத்திருப்பதைப் பார்த்துப் பொறியாளர் கேட்டபோது அவர் சொன்னார்: “ஏனுங்க தம்பி, மூடி போட்டுப் பருப்பு வேக வெச்சா பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போயிருமுங்க. அப்புறம் கேஸ் பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். அதுக்குத்தான் தொறந்து வெக்கறமுங்க.” எதிரே நின்றவர் வாதாடவில்லை. “சரிங்கண்ணா, இன்னிக்கு உங்க பழக்கப்படியே வைங்க. நாளைக்கு ஒரு நாள் நுரை அடங்கினதுக்கு அப்புறம் மட்டும் மூடிப் பார்ப்போம். தராசு என்ன சொல்லுதுன்னு நீங்களே பாருங்க” என்றார்.

இரண்டு நாளும் ஒரே வட்டா, ஒரே அளவு பருப்பு, 50 லிட்டர் தண்ணீர், ஒரே அடுப்பு. சிலிண்டர் தராசின்மேலேயே நின்றது. முதல் நாள் 1 கிலோ 600 கிராம் போயிற்று. மறுநாள் நுரையை அள்ளி எடுத்து, அது அடங்கிய பிறகு தீயைக் குறைத்து, அகப்பைக் காம்பு நுழையும் அளவுக்கு இடம் விட்டு மூடியபோது 1 கிலோ 100 கிராம். பருப்பு அதே நேரத்தில் வெந்தது; வழியவும் இல்லை. மாஸ்டர் இரண்டு முறை தராசைக் குனிந்து பார்த்தார். மறுநாள் காலையில் பழைய அண்டா மூடிகளைப் பரணிலிருந்து இறக்கித் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைச் சமையலறையில் வேலை செய்யும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்கிக் காற்றில் விட ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும்; ஏழரை மடங்குக்கும் மேல். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீரின் சூடு கூடுவதில்லை, ஆவிதான் கூடுகிறது. தளதளவென்று கொதிக்கும் வட்டாவில் பருப்பு சீக்கிரம் வேகிறது என்பது கண்ணுக்குத் தோன்றும் மயக்கம். சிம்மில் மூடி வைத்த வட்டாவிலும் சூடு ஏறத்தாழ அதே 100 டிகிரிதான். திறந்த வட்டாவின் மேலே எழும் ஆவி முழுவதும் எரிந்த கேஸ். அது சமையற்காரர்களின் முகத்தில் அனலாக அடித்து, அதை வெளியேற்ற எக்ஸாஸ்ட் விசிறிக்கும் மின்சாரம் செலவாகிறது.

சோறு விஷயத்தில் இவ்வளவு எளிதாக முடியவில்லை. நாங்கள் புழுங்கலரிசியை நிறையத் தண்ணீரில் வேக வைத்துக் கஞ்சி வடிக்கிறோம். வடிக்கும் கஞ்சியோடு அதைக் கொதிக்க வைத்த வெப்பமும் போகிறது என்பது உண்மை. தண்ணீரை அளந்து வைத்து முழுவதும் உறிஞ்ச விடும் முறைக்கு மாறச் சொன்னார்கள். 2 நாள் முயன்றோம். பெரிய அண்டாவில் அடியில் குழைந்து, மேலே விதையாக நின்றது. மாணவர்கள் தட்டில் ஒதுக்கினார்கள். கொட்டப்படும் சோற்றை உண்டாக்கச் செலவான கேஸ் முழுவதும் வீண்தானே. கடைசியில் அரிசியை முக்கால் மணி நேரம் ஊற வைப்பது, உலைத் தண்ணீரைக் கால் பங்கு குறைப்பது, உலை கொதிக்கும்வரை மூடியை எடுக்காமல் இருப்பது என்று மாஸ்டரும் பொறியாளரும் சேர்ந்து ஒரு நடுவழிக்கு வந்தார்கள். கஞ்சி இன்னும் வடிகிறது, ஆனால் குறைவாக.

பர்னர்களில் பாதி மஞ்சள் தீயோடு எரிந்தன. காற்றுத் துளைகளில் எண்ணெயும் மாவும் அடைத்திருந்தன. வட்டாவின் அடியில் கரி ஒரு போர்வை மாதிரிப் படிந்திருந்தது. வாரம் ஒரு நாள் பர்னர் தலையைக் கழற்றிக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்வதை முறைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். இதற்குத் தணிக்கையாளர் தேவையில்லை; நாங்களே எப்போதோ செய்திருக்க வேண்டியது.

எக்ஸாஸ்ட் விசிறி பற்றி அவர்கள் சொன்னது எனக்குப் புதியது. விசிறியின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் 20 சதவீதம் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். விசிறி இழுக்கும் மின்திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தாலே மின்திறன் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. எங்கள் விசிறி விடியற்காலை 4 மணியிலிருந்து இரவு 10 மணிவரை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் 2 முதல் 4 வரை ஓர் அடுப்புகூட எரியாத நேரத்திலும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஒன்றைப் பொருத்தினோம். பூரி, பஜ்ஜி போடும் நேரத்தில் முழு வேகம், மற்ற நேரத்தில் குறைந்த வேகம் என்று மாஸ்டர் கையெட்டும் இடத்தில் சுவிட்ச் வைத்தோம். சுவிட்ச் அலுவலக அறையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஃப்ரீசர் விஷயத்தில் அவர்களின் கண் கூர்மையாக இருந்தது. இட வசதிக்காகத் தோசைக்கல்லுக்கு நேர் பின்சுவரை ஒட்டி டீப் ஃப்ரீசரை வைத்திருந்தோம். அதன் கம்ப்ரசர் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள முயல்கிறது, வெளியேயோ அடுப்பின் அனல். அந்தச் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வலையில் கை வைத்தால் பஞ்சு மாதிரி மாவுத்தூசி வந்தது. கதவின் ரப்பர் கேஸ்கெட்டில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துக் காட்டினார்கள். ஒரு மூலையில் நோட்டு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஃப்ரீசரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றி, கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு, மாதம் ஒரு முறை வலையைத் துடைக்கிறோம். முன்பு ஓயாமல் ஓடிய கம்ப்ரசர் இப்போது இடைவெளி விட்டு ஓடுவதைக் காதால் கேட்க முடிகிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவை சிறியவை அல்ல.

அறிக்கையின் மிகப் பெரிய பரிந்துரை, அடுப்புகள் அனைத்தையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றுவது. அடுப்புத் திறன் என்ற அளவில் மட்டும் பார்த்தால் அதில் தவறில்லை. ஒரு கிலோ எல்பிஜியில் இருக்கும் வெப்பம் ஏறத்தாழ 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எங்கள் பர்னர்களில் அதில் 45 சதவீதம் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், உணவுக்குக் கிடைப்பது 5.7 யூனிட். அதே வேலையை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்‌ஷன் அடுப்பு 6.7 யூனிட்டில் முடித்துவிடும். ஆகவே உங்கள் மின்சார யூனிட் விலையை 6.7-ஆல் பெருக்கி, வரும் தொகை ஒரு கிலோ கேஸ் விலையைவிடக் குறைவாக இருந்தால் லாபம். இந்தக் கணக்கை அவர்கள் தெளிவாகவே போட்டிருந்தார்கள், மற்றவர்களும் பயன்படுத்தலாம்.

ஆனால் கணக்கு அதோடு நின்றுவிட்டது. 5 கிலோவாட் அடுப்பு 8 என்றால் விடியற்காலையில் ஒரே நேரத்தில் 40 கிலோவாட் கூடுகிறது. கல்லூரிக்கு இருப்பது உயர் அழுத்த இணைப்பு. அதில் யூனிட்டுக்குத் தனிக் கட்டணம், அதிகபட்சத் தேவைக்கு, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்சச் சுமைக்கு, கேவிஏ என்ற அளவில் தனிக் கட்டணம். மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்திருக்கும் ஒப்பந்தத் தேவையை உயர்த்திவிட்டால், பதிவான தேவை அல்லது ஒப்பந்தத் தேவையின் 90 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்கு மாதாமாதம் கட்ட வேண்டும். விடுதி காலியாக இருக்கும் கோடை விடுமுறையிலும் இந்தக் கணக்கு மாறாது. அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எங்கள் வட்டாக்களும் அண்டாக்களும் பெரும்பாலும் அலுமினியம், சிலவற்றுக்கு அடி வளைவு. இண்டக்‌ஷனில் அவை சூடாகா என்பதும், பாத்திரம் முழுவதையும் மாற்றும் செலவும் விடுபட்டிருந்தன. 4 நாள் அந்த வட்டாக்களுக்கு நடுவே நின்றவர்கள் இதை விட்டுவிட்டதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை. பரிந்துரைப் பகுதியை எழுதியவர்கள் சமையலறைக்கே வராதவர்கள் என்று பிறகு தெரிந்தது. நாங்கள் 2 இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வாங்கி, பால் காய்ச்சவும் காய்ச்சலில் படுத்திருக்கும் மாணவர்களுக்கு இரவில் கஞ்சி வைக்கவும் பயன்படுத்துகிறோம். அந்த அளவுக்கு அவை மிக நல்ல அடுப்புகள்.

இரண்டாவது குறை தண்ணீர். விடுதி மாடியில் சூரிய வெந்நீர்க் கலன்கள் இருக்கின்றன. அந்த 60 டிகிரித் தண்ணீரை உலைக்குக் கொண்டுவந்தால் கொதி வருவதற்கான கேஸில் ஏறத்தாழ பாதி மிச்சமாகும் என்று எழுதியிருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாடிக்குப் போவது போர் தண்ணீர். எங்கள் பகுதியில் அதன் உப்பு எவ்வளவு என்பதைக் கலனின் குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருப்பதே சொல்லும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கும் தரமும் இல்லை. ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அந்த வெந்நீர்க் குழாயைப் பாத்திரம் கழுவும் இடத்துக்கு இழுத்திருக்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டிகளைக் கழுவக் கேஸில் வெந்நீர் போடுவது நின்றது.

மூன்றாவதைச் சற்று மனவருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மாற்றங்கள் செய்து சில மாதம் கழித்து, நவம்பர் மாதச் சிலிண்டர் எண்ணிக்கையை வைத்து 34 சதவீதம் சேமிப்பு என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். அந்த மாதம் ஸ்டடி ஹாலிடே. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆள் குறைந்தால் சிலிண்டரும் குறையத்தான் செய்யும். வருகைப் பதிவேட்டை வைத்து வகுத்துப் பார்த்தபோது உண்மையான குறைவு 14 சதவீதம் என்று வந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் திருத்திய கடிதம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. இருந்தாலும் தவறான எண் ஒரு முறை நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டுவிட்டால், அடுத்து வரும் சரியான எண்ணுக்கு மதிப்பில்லாமல் போகிறது. அதன்பிறகு எங்கள் கணக்கை ஒரே அளவில் வைத்திருக்கிறோம்: ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கேஸ். தணிக்கைக்கு முன்பு அது 92 கிராம். இந்த ஆண்டு மார்ச்சில் 73 கிராம். ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு நான்கு சிலிண்டருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மூன்றரைக்குள் அடங்குகிறது. 34 சதவீதம் என்ற பெரிய எண்ணைவிட இந்தச் சிறிய எண்ணே எனக்குப் பெருமை.

கல்லூரி வளாகத்தின் மற்றப் பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அங்கே அவர்கள் சொன்னவை யாரும் அறிந்தவைதாம். பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும் இடத்தில், மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் சுற்றும். விடுதி அறைகளில் இரவு முழுவதும் ஓடும் ஃபேன்களை முதலில் மாற்றுங்கள், வகுப்பறை ஃபேன்கள் பிறகு என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது பயனுள்ளது. கணினி ஆய்வகங்களில் ஏசியை 18-இல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வரும் அறை ஏசிகளில் 24 டிகிரி இயல்பு நிலையாக இருக்க வேண்டும் என்பது பிஇஇ விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் மேற்கோள் காட்டிய கணக்கு.

ஒன்று மட்டும் வளாகப் பகுதியில் என்னை நிறுத்தி வைத்தது. மின் இணைப்பில் பதிவுக் கருவியை ஒரு வாரம் மாட்டி, நேரவாரியாக எடுத்த வரைபடம் அது. இரவு 2 மணிக்கு, எல்லோரும் தூங்கும் நேரத்தில், வளாகத்தின் மின் சுமை நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. தேடிப் போனபோது மேல்நிலைத் தொட்டி ஒன்றுக்கு மட்டம் பார்க்கும் தானியங்கிச் சுவிட்ச் பழுதாகி, தொட்டி நிரம்பி வழிய வழிய மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மின் கட்டண ரசீதுகளை மட்டும் படித்து அறிக்கை எழுதும் தணிக்கையில் இது கிடைத்திருக்காது.

அறிக்கை 94 பக்கம், முழுவதும் ஆங்கிலம். நிர்வாகத்துக்கு அது சரி. ஆனால் கேஸைத் திறந்து மூடும் கைகள் மாஸ்டருடையவை, அவருடைய 8 உதவியாளர்களுடையவை, பாத்திரம் கழுவும் அம்மாக்களுடையவை. அவர்களில் ஒருவருக்கும் அந்த 94 பக்கத்தில் ஒரு வரியும் இல்லை. தமிழில் ஒரு பக்கம் கேட்டேன். அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். நானே உட்கார்ந்து, பெரிய எழுத்தில், எந்தப் பாத்திரத்துக்கு எந்தப் பர்னர், எப்போது மூடி, எப்போது சிம், எந்த நேரத்தில் விசிறி குறைவு என்று எழுதி லேமினேட் செய்து அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினேன். நீங்கள் ஒப்பந்தம் போடும்போது சமையலறைக்கான ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையும், வேலையாட்களுடன் அரை நாள் நேரடிப் பயிற்சியையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள். கூடவே, அளந்தவர்களே பரிந்துரையும் எழுத வேண்டும், சேமிப்பைத் தலைக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் காட்ட வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் இவர்களையே அழைப்பேனா என்றால், அழைப்பேன். அளப்பதில் இவர்கள் நேர்மையானவர்கள். சமையற்காரரிடம் பேசத் தெரிந்தவர்கள். தவறைச் சொன்னால் திருத்துகிறார்கள். ஆனால் ஒரு வேளைக்கு 200 பேருக்குக் குறைவாகச் சமைக்கும் மெஸ்ஸோ கேன்டீனோ உடனே இந்தச் செலவைச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். 50 கிராம் துல்லியம் உள்ள 100 கிலோ தராசு ஒன்றை வாங்கிக் காலிச் சிலிண்டர்களை எடை போட்டும், ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆகும் கேஸை ஒரு மாதம் நோட்டில் எழுதியும் பார்த்தால் முதல் கட்டச் சேமிப்பு உங்களுக்கே தெரிந்துவிடும்.

மறு ஆய்வுக்கு அடுத்த மாதம் வருகிறார்கள். சாப்பாட்டுக் கழிவிலிருந்து பயோகேஸ் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிர்வாகம் பட்டியல் கொடுத்திருக்கிறது. ஒரு கன மீட்டர் பயோகேஸ் அரைக் கிலோ எல்பிஜிக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஈடாகும் என்பதால் எங்கள் கழிவின் அளவுக்கு அது எடுபடுமா என்று முதலில் பார்க்க வேண்டும். மாஸ்டரும் ஒரு வேலை வைத்திருக்கிறார். இட்லிக் கொப்பரையில் 4 தட்டு வைத்து அடிக்கடி இறக்குவதற்கும், 6 தட்டு வைத்துச் சற்று நேரம் கூட விடுவதற்கும் கேஸில் என்ன வித்தியாசம் என்று அந்தத் தராசைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். விடியற்காலை 4 மணிக்கே வரச் சொல்லிவிடுங்க சார் என்று இரண்டு முறை நினைவூட்டியிருக்கிறார்.